எடையை வரையச் சொன்ன டிஸ்னி

மிக்கி மவுஸைத் தெரியாத நண்பர்கள் நம் பாலிடெக்னிக்கில் இருக்க மாட்டார்கள். ஆனால் மிக்கியைப் படைத்த வால்ட் டிஸ்னி, தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. அவரோ உயர்நிலைப் பள்ளியையே முடிக்காதவர்!

1901 டிசம்பர் 5-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். சிறுவயதில் கான்சாஸ் சிட்டியில், அப்பா எடுத்திருந்த லைனுக்காக விடியுமுன் எழுந்து, கொட்டுகிற பனியிலும் வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். அப்புறம் வகுப்பில் தூக்கம் வராமல் என்ன செய்யும்? பதினாறு வயதில் படிப்பு நின்றது. தொடங்கிய முதல் படக் கம்பெனி 1923-ல் திவாலானது. ஹாலிவுட் போய் அண்ணன் ராயுடன் மறுபடி தொடங்கி, 1928-ல் மிக்கியை ஒலியோடு திரைக்குக் கொண்டுவந்து ஜெயித்தார்.

ஜெயித்த பிறகும் மனுஷனுக்குத் திருப்தி இல்லை. அந்தக் காலத்துக் கார்ட்டூன் பாத்திரங்களின் கைகால்கள் ரப்பர் குழாய் மாதிரி இருக்கும். எலும்பும் இல்லை, மூட்டும் இல்லை, எடையும் இல்லை. அது சிரிக்க வைக்கும், ஆனால் யாரையும் அழ வைக்காது. 1929-லேயே தன் ஓவியர்களை ஷுயினார் கலைப் பள்ளியின் மாலை வகுப்புக்குத் தானே காரில் அழைத்துப் போனார். கட்டணம் கட்டக் காசில்லை. பள்ளியை நடத்திய நெல்பெர்ட் ஷுயினார் அம்மையார், பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்.

1932-ல் ஆர்ட் பாபிட் என்ற ஓவியர், தன் வீட்டிலேயே சகாக்களைக் கூட்டி மாடல் வைத்து வரைய ஆரம்பித்தார். விஷயம் டிஸ்னி காதுக்குப் போக, அதை ஸ்டுடியோவுக்குள்ளேயே நடத்தச் சொன்னார். அந்த நவம்பரில் டான் கிரஹாம் என்ற ஆசிரியர் வந்து சேர்ந்தார். ஃபிலிமை மெதுவாக ஓட்டி, ஒரு ஆள் நடக்கும்போது எந்தக் காலில் எடை நிற்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது, தோள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அலசுவார்கள். 1935 டிசம்பரில் டிஸ்னி கிரஹாமுக்கு நீண்ட குறிப்பு ஒன்று அனுப்பினார். கார்ட்டூன் என்பது நிஜத்தைக் காப்பி அடிப்பது அல்ல, ஆனால் நிஜத்தைத் தெரியாமல் கற்பனை செய்ய முடியாது என்பது அதன் சாரம்.

பாதி நிரம்பிய மாவு மூட்டைதான் அங்கே பிரபலமான பயிற்சி. கண், மூக்கு இல்லாத அந்த மூட்டையை வைத்தே கோபம், சோகம், குஷி எல்லாம் காட்ட வேண்டும். கீழே விழுந்தால் அகலமாகப் பரவும், தூக்கினால் நீளும். உள்ளே இருக்கிற மாவு மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எங்கப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். இதைப் படித்த பிறகு ஒருநாள் அவரையே கவனித்தேன். முதலில் முட்டி மடங்குது, இடுப்பு இறங்குது, அப்புறம்தான் மூட்டை அசையுது. முதுகில் ஏறியதும் உடம்பு தானாக முன்னால் சாயுது. நாம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் படிக்கிற ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேலே வந்து நிற்க வேண்டாமா? அந்தச் சாய்வை வரையாவிட்டால் மூட்டைக்குள் பஞ்சு இருப்பது போலத்தான் தெரியும்.

1934-ல் வந்த 'வசந்த தேவதை' குறும்படத்தில் பெண்ணின் கைகள் குழைந்து போயிருந்தன. மூன்றே வருஷத்தில், 1937 டிசம்பர் 21-ல், முழுநீளப் படமான 'ஸ்னோ ஒயிட்' வெளியானது. செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். ஸ்னோ ஒயிட்டைச் சுற்றிக் குள்ளர்கள் அழுதபோது தியேட்டரே அழுதது.

இதோடு முடித்தால் பாதிக் கதைதான். சம்பளத்திலும் பெயர் போடுவதிலும் குறை சொல்லி ஓவியர்கள் சங்கம் சேர்ந்தார்கள். 1941 மே மாதம் டிஸ்னி வேலையை விட்டு நீக்கியவர்களில் ஒருவர், தன் வீட்டில் வகுப்பைத் தொடங்கிய அதே ஆர்ட் பாபிட்! உடனே ஸ்ட்ரைக் வெடித்தது. சங்கம் ஜெயித்தது, ஆனால் பல நல்ல ஓவியர்கள் வெளியேறிவிட்டார்கள். கற்றுக்கொடுக்கக் கணக்குப் பார்க்காதவர் இந்த விஷயத்தில் இறங்கி வரவில்லை, அது அவர் தப்புத்தான் என்பது என் கட்சி.

கடனுக்குச் சேர்த்துக்கொண்ட ஷுயினார் பள்ளியை டிஸ்னி மறக்கவில்லை. அது நொடித்தபோது பண உதவி செய்தார். 1961-ல் அதை ஓர் இசைப் பள்ளியோடு இணைத்து 'கால் ஆர்ட்ஸ்' என்ற கல்லூரி உருவானது. 1966 டிசம்பர் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது, சொத்தில் ஒரு பெரும் பகுதி அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.