மூன்று வீட்டுக் கதவும் ஒரு மாட்டு வண்டியும்: டாக்டர் ஐடா ஸ்கடர்

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரள எல்லைக்கு ஏறுகின்றன. அதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஜீப்பும் போகாத குடியிருப்புகள் இருக்கின்றன. பளியர்களும் முதுவர்களும் வாழும் இடங்கள் அவை. அகமலைப் பக்கத்து உட்கிராமங்களில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, நான்கைந்து ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கிவர வேண்டும். இந்தச் செய்தி ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாளிதழில் வருகிறது. படிக்கிறோம், மறந்துவிடுகிறோம்.

நோயாளி மருத்துவரைத் தேடி வர முடியாவிட்டால் மருத்துவர்தான் நோயாளியைத் தேடிப் போக வேண்டும். நூறாண்டுகளுக்கு முன்பே இதைத் தமிழ் மண்ணில் செய்து காட்டிய ஒரு பெண்ணின் வாழ்க்கையை நம் சமுதாயம் தெரிந்துகொள்வது நல்லது. அவருடைய வாழ்க்கை திரும்பிய இரவில் ஒரு முஸ்லிம் வீடும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. தகப்பனாரும் மருத்துவர், மிஷனரி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைச் சிறுமியாக நேரில் கண்டவர் ஐடா. பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டை ஊட்டிவிட்ட கைகள் அவை. பிறகு அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே படித்தார். இந்தியாவும் வேண்டாம், மிஷனரி வாழ்க்கையும் வேண்டாம் என்பதுதான் அப்போது அவருடைய முடிவு. தாயாரின் உடல்நலக் குறைவால் 1890இல் திண்டிவனம் வந்தவர், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்.

அங்கே ஒரு இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தவர் ஒரு பிராமண இளைஞர், அடுத்து ஒரு முஸ்லிம், மூன்றாவதாக வேறு சாதி இந்து ஒருவர். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், தகப்பனார் வருவார் என்றும் சொல்லிப் பார்த்தார். வேற்று ஆண் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அந்த முஸ்லிம் கணவரைக் குறை சொல்வது எளிது. அவர் தன் காலத்து வழக்கத்தின் பிடியில் இருந்தவர். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில், பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்ப்பதை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இதை அன்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாராவது இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்கலாம். அகழ்ப் போரின்போது காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில்தான் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. பெண் மருத்துவம் செய்வது நமக்குப் புதிதல்ல. திண்டிவனத்தில் அன்றைக்கு அப்படி ஒரு பெண் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாளே ஐடா பெற்றோரிடம் தன் முடிவைச் சொல்லிவிட்டார். அமெரிக்கா போய், முதலில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்து 1899இல் பட்டம் பெற்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது அப்போதுதான். மனைவியை இழந்த ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் வேலூர் வந்து, வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் காலமானார். அனுபவமுள்ள மருத்துவரை நம்பி வந்த மக்கள் அனுபவமில்லாத பெண்ணைப் பார்த்துத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அது கண் மருத்துவமனையாக இயங்குகிறது.

சென்னையில் 1885இலேயே சாதி இந்து, கோஷா பெண்களுக்கென்று தனி மருத்துவமனை வந்துவிட்டது. திருவல்லிக்கேணிவாசிகள் இன்றும் அதை கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். ஆனால் வடாற்காடு கிராமத்துப் பெண் சென்னைக்கு எப்படிப் போவாள்? வேலூருக்கே அவளால் வர முடியவில்லை. வந்த சிலரும் நாட்டு வைத்தியமெல்லாம் பார்த்து முடித்துக் கடைசி மூச்சில்தான் வந்தார்கள்.

அதனால் ஐடா புறப்பட்டுப் போனார். முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் கார். வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் போவார். போகும் வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். முதன்முதலில் அந்தக் காரைப் பார்த்தவர்கள் பேய் வருகிறது என்று வயலுக்குள் ஓடினார்களாம். நாளாக நாளாக வண்டி வரும் முன்பே மரத்தடியில் கூட்டம் காத்திருக்கத் தொடங்கியது. கட்டிகளைக் கீறுவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது எல்லாம் அங்கேயே நடக்கும். ஊர் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகளும் அந்த வரிசையில் இருந்தார்கள். முற்றிய நோயாளிகளை வண்டியிலேயே ஏற்றி வேலூருக்குக் கொண்டுவருவார். சாலையோர மருந்தகம் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. மருத்துவ வசதிக்குச் சமமாக இன்னொன்றும் அங்கே நடந்தது. மருத்துவமனை என்றால் சாவதற்குப் போகும் இடம் என்ற பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

ஒரு பெண்ணால் எத்தனை மரத்தடிகளுக்குப் போக முடியும்? உள்ளூர்ப் பெண்களைத் தயார் செய்வதுதான் வழி என்று கண்டு 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று பேசியவர்கள் உண்டு. வந்த விண்ணப்பங்கள் 151. முதல் அணியில் 14 பெண்கள் 1922இல் தேறி வெளியே வந்தார்கள்.

1930களின் இறுதியில் பெரிய சோதனை வந்தது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர வேண்டும் என்று மாகாண அரசு சொல்லிவிட்டது. பள்ளியை மூடும் நிலை. எழுபது வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா போய், போர்க்காலத்தில் ஊர் ஊராக அலைந்து நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தபோது, பெண்களுக்காகக் கொடுத்த பணம் இது என்று நெடுநாள் ஆதரவாளர்களே எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐடா கல்லூரியைக் காப்பாற்றுவதைத் தேர்ந்தெடுத்தார். 1947இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். அதற்கு முன்பே பொறுப்பிலிருந்து அவர் விலகியிருந்தார். பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி.

அவர் கிறிஸ்தவ மிஷனரி, தன் மதத்தைப் பரப்பவும் வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் மறைக்கவில்லை. அதேசமயம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களின் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மருத்துவமனையில் பிள்ளை பெற்று நலமாக வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதன் சமூக மருத்துவப் பிரிவினர் ஜவ்வாது மலைப் பழங்குடிக் கிராமங்களுக்கும் ஏறிப் போகிறார்கள்.

அரசும் பின்னாளில் இதே வழிக்கு வந்தது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ஆனாலும் சாலை முடிகிற இடத்தில் வண்டியும் நின்றுவிடுகிறது.

ஐடா தன் கடைசி ஆண்டுகளைக் கொடைக்கானலில், மலைமேல் தான் கட்டிய வீட்டில் கழித்தார். 1960 மே மாதம், 89ஆம் வயதில் அங்கேயே காலமானார். அந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான் அகமலை இருக்கிறது.