மிஷின் கன் செய்தார் அப்பா! சத்தத்தை அடக்கினார் மகன்!

ஸ்கூட்டரில் சைலன்சர் கழன்று விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். துப்பாக்கிக்கும் அதே மாதிரி ஒரு சைலன்சர் உண்டு. அதைச் செய்தவர் ஒரு மகன். உலகையே நடுங்க வைத்த எந்திரத் துப்பாக்கியைச் செய்தவர் அவருடைய அப்பா!

அந்த அப்பாவின் பெயர் ஹிராம் மாக்சிம். 1840-ல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். படிப்பு கொஞ்சம்தான். ஆனால் கை சும்மா இருக்காது.

தோளில் இடி

ஒரு நாள் ரைபிளால் சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்த உதையில் தோள் கன்றிப் போனது. வேறு யாராக இருந்தாலும் எண்ணெய் தடவிக் கொண்டு படுத்திருப்பார்கள். மாக்சிம் யோசித்தார். இவ்வளவு பலம் வீணாகிறதே, இதை வேலை வாங்கினால் என்ன?

லண்டனுக்குக் குடியேறினார். 1884-ல் ஹாட்டன் கார்டன் பகுதியில் இருந்த பட்டறையில் எந்திரத் துப்பாக்கி தயார். அதற்கு முன்பு இருந்த காட்லிங் துப்பாக்கியைக் கையால் சுற்ற வேண்டும். இதில் விசையை அழுத்தினால் போதும். தோட்டா முன்னே பாயும். குழாய் பின்னே உதைக்கும். அந்த உதையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, பட்டையில் இருந்து அடுத்த தோட்டாவை இழுத்துக் கொள்ளும். ஸ்பிரிங் முன்னே தள்ள, மறுபடியும் வெடிக்கும். நிமிடத்துக்கு சுமார் 600 தோட்டாக்கள்!

குழாய் பழுக்கக் காய்ந்துவிடுமே? அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார். தொடர்ந்து சுட்டால் அந்தத் தண்ணீரும் கொதிக்கும். கிளம்பும் ஆவியே எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். உண்மைச் சண்டையில் இந்தத் தொல்லை நிறைய.

காது போனது

1898-ல் சூடான் நாட்டில் ஓம்துர்மான் சண்டை. பீரங்கி, ரைபிள்களோடு மாக்சிம் துப்பாக்கிகளும் முழங்கின. ஒரே காலையில் எதிர்த் தரப்பில் சுமார் 10 ஆயிரம் பேர் செத்தார்கள். பிரிட்டிஷ்-எகிப்தியப் படையில் இறந்தவர்கள் சுமார் 50 பேர்தான். 1901-ல் மாக்சிமுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. பணமும் குவிந்தது. ஆனால் சுட்டுச் சுட்டுச் சோதித்ததில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது!

அப்பா லண்டனில் இருக்க, மகன் பெர்சி மாக்சிம் அமெரிக்காவிலேயே வளர்ந்தார். 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். குழாய் முனையில் ஓர் உருளை. உள்ளே தடுப்புத் தகடுகள். வெடித்துப் பாயும் வாயு அவற்றில் மோதிச் சுழன்று, வேகம் குறைந்து வெளியேறும். கார் சைலன்சரும் ஏறக்குறைய இதே தத்துவம்தான்.

சினிமாவில் காட்டுவது போல ‘புஸ்’ என்று மட்டும் கேட்குமா? கேட்காது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. எந்திரத் துப்பாக்கியில் மாட்டினால் சீக்கிரமே பழுக்கக் காய்ந்துவிடும். ஆனாலும் லாபம் உண்டு. சுட்ட இடம் எளிதில் தெரியாது. வீரனுக்குக் காது தப்பும். அதிகாரியின் உத்தரவும் காதில் விழும்.

இருமல் மருந்து

மாக்சிமுக்கு மார்ச்சளித் தொல்லை. மூச்சில் மருந்தை இழுக்க ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார். ஏராளமாக விற்றது. போலி வைத்தியர் போல ஆகிவிட்டாரே என்று நண்பர்கள் முகம் சுளித்தார்கள். கொல்லும் எந்திரத்துக்குப் பாராட்டு, நோய் தீர்க்கும் குழாய்க்கு ஏச்சா என்று மனம் நொந்தார் மாக்சிம்.

1916 ஜூலை 1. பிரான்சில் சோம் போர்முனை. இந்தத் தடவை மாக்சிம் பாணித் துப்பாக்கிகள் ஜெர்மானியர் கையில். அந்த ஒரே நாளில் 19 ஆயிரத்து 240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். பட்டம் கொடுத்த நாட்டின் பிள்ளைகள்! நவம்பர் 18-ல் அந்தப் போர் ஓய்ந்தது. அடுத்த ஆறாம் நாள், நவம்பர் 24-ல், லண்டனில் மாக்சிம் கண்ணை மூடினார். வயது 76.