தொகுத்தோன் ஆல்ஃபிரெட் பார்

சங்கத் தொகை நூல்களைக் கற்போர் பாடிய புலவர் பெயர்களை நினைவிற் கொள்வர். தொகுத்தவர் பெயரை நினைப்போர் மிகச் சிலரே. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பதோடு அவனைப் பற்றிய செய்தி முடிந்துவிடுகிறது. புறநானூற்றைத் தொகுத்தவர் பெயரோ நமக்குக் கிட்டவே இல்லை. எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, எதன் அருகில் எதனை வைப்பது என்று முடிவு செய்யும் பணி, செய்தவரை மறைத்துவிடும் இயல்புடையது. ஓவிய உலகில் அப்பணியை ஏற்று, தொகுத்தலையே தனிக்கலையாக வளர்த்தவர் அமெரிக்க நாட்டவரான ஆல்ஃபிரெட் பார்.

1902 ஜனவரி 28இல் டெட்ராய்ட் நகரில், கிறித்தவச் சமயகுரு ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரூஃபஸ் மோரே என்னும் பேராசிரியரிடம் ஐரோப்பிய இடைக்காலக் கலையைக் கற்றார். கோயிற் கட்டடம், சுவடி ஓவியம், சிற்பம், கைவினைப் பொருள் ஆகிய அனைத்தையும் ஒரே காலத்தின் வெளிப்பாடாகக் காணும் பார்வையை அங்குப் பெற்றார். நவீனக் கலைக்கு வழிகாட்டிய மனிதர் இடைக்காலத்திலிருந்து தம் அளவுகோலை எடுத்துக்கொண்டார் என்பது வியப்பன்று. பழமையை ஆழக் கற்றவரே புதுமையை அஞ்சாமல் எதிர்கொள்கின்றனர். ஹார்வர்டில் பால் சாக்ஸ் நடத்திய அருங்காட்சியகப் பயிற்சி வகுப்பு அவருடைய கையைப் பழக்கியது.

வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1927இல், நவீனக் கலைக்கென்றே ஒரு பாடத்தை அவர் நடத்தினார். மாணவியரை இரயில் நிலையத்தையும் மிட்டாய்த் தொழிற்சாலையையும் பார்த்துவர அனுப்பினார். கட்டடத்தின் வடிவழகைக் கண்டறிய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை என அவர் கருதினார். அதே ஆண்டு கல்லூரியின் ஃபார்ன்ஸ்வர்த் காட்சியகத்தில், தோமியே, கோரோ முதலாகக் கியூபிசத்திற்குப் பிந்தியோர் வரையிலான ஓவியங்களைக் கொண்டு சிறியதொரு கண்காட்சி அமைத்தார். பின்னர் அவர் பெரிய அளவில் செய்தவற்றுக்கெல்லாம் வித்து அங்கே ஊன்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பா சென்று, டெஸ்ஸாவில் பௌஹவுஸ் பள்ளியையும் மாஸ்கோவில் புதிய ருசியக் கலைஞர்களையும் நேரிற் கண்டு திரும்பினார்.

1929இல் நியூயார்க்கில் லில்லி பிளிஸ், மேரி சல்லிவன், அபி ராக்ஃபெல்லர் என்னும் பெண்கள் மூவர் நவீனக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் காண முனைந்தனர். தொகை நூல் வழக்கிற் கூறுவதாயின், தொகுப்பித்தோர் இவர்களே. இவர்கள் பெயர் இன்றும் உரிய அளவில் பேசப்படுவதில்லை. தலைவராக இவர்கள் அழைத்த காங்கர் குட்இயர், பிக்காசோவின் ஓவியம் ஒன்றை வாங்கியதற்காகப் பஃபலோ நகரக் கலைக்கூடத்தில் தம் பொறுப்பை இழந்தவர். சாக்ஸின் பரிந்துரையால் இயக்குநர் பதவி பாருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 27.

நிறுவனத்திற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஐந்தாம் அவெனியூவில் ஹெக்ஷர் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் ஆறு அறைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. சொந்தச் சேகரிப்பாகத் தொடக்கத்தில் கிடைத்தவை எட்டு அச்சோவியங்களும் ஒரு கோட்டோவியமுமே. ரைடர், ஹோமர், ஈக்கின்ஸ் ஆகிய அமெரிக்க ஓவியரைக் கொண்டு தொடங்கலாம் என்று பார் எண்ணினார். அறங்காவலரோ ஐரோப்பிய முன்னோடிகளையே வேண்டினர். பார் இணங்கினார், தாம் விரும்பிய மூவரை அடுத்த ஆண்டு மே மாதம் காட்சிக்குக் கொணர்ந்தார். முதற் கண்காட்சிக்கு செசான், கோகேன், சேரா, வான்கோ என்னும் நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நால்வரும் மறைந்துவிட்டவர்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் கிளைகள் அனைத்தும் இவர்களிடமிருந்தே பிரிந்தன. இத்தனை சிறிய இடத்திற்கு இதனினும் பொருத்தமான தேர்வு அமைந்திருக்க முடியாது.

ஏறத்தாழ நூறு ஓவியங்கள் இரவலாகப் பெறப்பட்டன. அவற்றை மாட்டிய முறையிற்றான் பாரின் தனித்திறன் விளங்கிற்று. அக்கால வழக்கப்படி ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் நிறைய அடுக்கப்படும். அன்றேல் பெரியது நடுவிலும் சிறியவை இருமருங்கிலும் அமையும். பார் இவ்விரண்டையும் கைவிட்டார். சாயமேற்றாத முரட்டுத் துணியால் சுவர்களை மூடினார். ஓவியங்களைக் கண்ணுக்கு நேராக ஒரே வரிசையில், இடைவெளி விட்டு மாட்டினார். அளவை நோக்காது காலத்தையும் உள்ளுறவையும் நோக்கி அவற்றை அடுத்தடுத்து வைத்தார். அடிகளுக்கிடையே விடும் வெற்றிடமும் பொருள் தரும் என்பதைக் கவிஞர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் விடும் வெற்றிடத்துக்கும் அவ்வாற்றல் உண்டு என்பதைப் பார் அறிந்திருந்தார். ஓர் ஓவியத்தின் முன் நிற்பவருக்கு அடுத்த ஓவியம் இடையூறாக இராமல், கேள்வியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1929 நவம்பர் 7இல் கண்காட்சி தொடங்கிற்று. நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. செல்வம் கரைந்துகொண்டிருந்த ஊரில், ஒரு மாத காலத்தில் ஏறத்தாழ 47,000 பேர் அந்த ஆறு அறைகளுக்கு வந்து சென்றனர்.

ஓயாத உழைப்பு பாரின் உறக்கத்தைக் கெடுத்தது. விடுப்பெடுத்து 1933இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தங்கியிருந்தபோது, ஆஸ்கர் ஷ்லெம்மரின் ஓவியக் கண்காட்சியை நாஜிகள் திறந்த சில நாள்களிலேயே மூடியதைக் கண்டார். சினந்து பேசிவிட்டு அவர் அமைந்துவிடவில்லை. நண்பர் ஃபிலிப் ஜான்சனுக்குத் தந்தி அனுப்பி, பௌஹவுஸ் மாடிப்படியில் ஏறும் மாணவரைக் காட்டும் ஷ்லெம்மரின் ஓவியத்தை விலைக்கு வாங்கச் செய்தார். அது பின்னர் நியூயார்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வாங்கிய ஜான்சனே சில காலம் பாசிசத்தின்பாற் சாய்ந்தார் என்பது வரலாற்று முரண். நாஜிகளின் கலை ஒடுக்குமுறை பற்றிப் பார் எழுதிய கட்டுரைகளை அன்றைய அமெரிக்க இதழ்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அவற்றுட் பல 1945இலேயே அச்சேறின. அதற்குள் அக்கட்டுரைகளின் எச்சரிக்கை பயனற்றுப் போயிருந்தது. இடைப்பட்ட போர்க்காலத்தில், பிரான்சிலிருந்து தப்ப முயன்ற கலைஞர்க்கு அமெரிக்க நுழைவுரிமை பெற்றுத்தரும் பணியில் அவர் மனைவி மார்கரெட் முனைந்து உழைத்தார்.

1936இல் கியூபிசமும் அருவக் கலையும் பற்றிய கண்காட்சியைப் பார் அமைத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த சிற்பங்களில் 19, மனித உருவையோ விலங்குருவையோ காட்டவில்லை என்று கூறிச் சுங்கத் துறையினர் அவற்றைக் கலையென ஏற்க மறுத்தனர். பிணைத்தொகை கட்டிய பின்னரே அவை வெளிவந்தன. அக்கண்காட்சி நூலின் மேலட்டைக்கு அவர் வரைந்த கொடிவழி விளக்கப்படம் உலகப் புகழ் பெற்றது. அம்புக்குறிகளால் இயக்கங்களை இணைக்கும் அப்படம் தெளிவானது, ஆனால் குறையற்றதன்று. ஜப்பானிய அச்சோவியமும் ஆப்பிரிக்கச் சிற்பமும் அதில் ஐரோப்பாவுக்கு நீரூட்டும் ஊற்றுகளாக மட்டும் நிற்கின்றன. தாமே ஓடும் ஆறுகளாக இல்லை. கீழை நாடுகளில் அப்போதே எழுந்திருந்த நவீனக் கலைக்கு அப்படத்தில் இடமில்லை. தொகுப்பவன் விடுத்தவை பிறகு நெடுங்காலம் இல்லாதவையாகவே கருதப்படும் என்பதற்கு இதுவும் சான்று.

1939இல் பிக்காசோவின் நாற்பதாண்டுப் படைப்புகள் காட்சிக்கு வந்தபோது பாரின் புகழ் உச்சியில் இருந்தது. வீழ்ச்சி நான்கே ஆண்டுகளில் நேர்ந்தது. காலணிக்கு மெருகேற்றும் தொழிலாளியான ஜோ மிலோன் தம் கையாலேயே அணிசெய்த தொழில் மேடையைப் பார் 1942 இறுதியில் முன்கூடத்தில் வைத்தார். அடுத்த ஆண்டு, ஓவியப் பள்ளியிற் பயிலாத மாரிஸ் ஹிர்ஷ்ஃபீல்டின் படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். முறையாகப் பயின்றவர் மட்டுமே கலைஞர் என எண்ணியோர் இவற்றை எள்ளினர். நிர்வாகப் பணியில் அவர் மெத்தனம் காட்டுகிறார் என்ற குறையும் அறங்காவலரிடையே இருந்தது. 1943 அக்டோபரில் குழுத் தலைவர் ஸ்டீபன் கிளார்க் அவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினார். ஊதியம் பாதியாக்கப்பட்டது.

வேறொருவராயின் வெளியேறியிருப்பார். பார் வெளியேறவில்லை, நூலகத்தில் ஒரு மூலையில் மேசை போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். 1946இல் வெளிவந்த பிக்காசோ பற்றிய பெருநூல் அம்மேசையில் விளைந்தது. இது தன்மானக் குறைவு என்று சொல்வாரும் உண்டு. தாம் திரட்டிய ஓவியங்களைப் பிரிந்து வாழ அவரால் இயலவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. 1947இல் சேகரிப்புகளின் இயக்குநராக அவர் மீண்டும் பொறுப்பேற்றார்; இருபது ஆண்டுகள் அப்பணியில் இருந்து, 1967இல் ஓய்வு பெற்றார்.

இறுதி ஆண்டுகளில் மறதி நோய் அவரைப் பற்றிற்று. ஓவியங்களின் பெயரையும் ஆண்டையும் அவை இருக்குமிடத்தையும் நினைவிலிருந்தே சொல்லிவந்தவரிடமிருந்து அவை ஒவ்வொன்றாக விலகின. 1981 ஆகஸ்ட் 15இல் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் காலமானார்.