ஜான் ஸ்டூவர்ட் மில்: வற்றிய ஊற்று மீண்டும் சுரந்தது



ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கல்லூரியில் அரசியலோ பொருளாதாரமோ படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால், அவருடைய நூல் ஒன்று உங்கள் மேஜை மேலேயே கிடந்திருக்கலாம். மனிதரின் சுதந்திரத்தைப் பற்றி 1859-ல் நூல் வெளியிட்டவர் அவர். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1867-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வாதாடியவரும் அவரே. இந்தப் பெருமையெல்லாம் பிற்காலத்தில் வந்தது. அவருக்கு 20 வயதில் நேர்ந்த ஒரு துன்பத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். உடம்பில் காய்ச்சலில்லை, காயமில்லை, பணக்கஷ்டமில்லை. ஆனால் எந்தக் காரியத்திலும் அவருக்குச் சந்தோஷம் தோன்றாமற் போயிற்று.

ஜான் 1806-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவரே மூத்தவர். தகப்பனார் ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்து தேசத்தார்; இந்தியாவில் காலடி வைக்காமலே பிரிட்டிஷ் இந்தியாவின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதியவர். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாமே படிப்பித்தார். 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் லத்தீன், 12 வயதில் தர்க்க சாஸ்திரம், 13 வயதில் பொருளாதாரம். தகப்பனார் சரித்திரம் எழுதிய அதே மேஜையில் பையன் கிரேக்க பாடம் படிப்பான். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவரையே பொருள் கேட்பான். அவரும் எழுத்தை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுப்பார். காலையில் இருவரும் உலாவப் போகும்போது, முந்தின நாள் படித்ததையெல்லாம் மகன் ஒப்பிக்க வேண்டும். விடுமுறை கிடையாது. கூடி விளையாடத் தோழர்கள் கிடையாது. தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது.

அந்தத் தகப்பனார் கொடியவரென்று நினைத்துவிடாதீர்கள். மகனுக்காக அவர் செலவிட்ட காலமும் பொறுமையும் சாமானியமல்ல. ஆனால் அன்பை வெளியே காட்டுவதற்கு அவர் அறியாதவர். அறிவைத் தீட்டினால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்பது அவர் கொள்கை. அந்தக் கல்வியில் தெய்வ பக்திக்கும் இடமிருக்கவில்லை. மதம் எதுவுமின்றியே ஜான் வளர்க்கப்பட்டார்.

ஜானுக்கு 15 வயதானபோது, தகப்பனாரின் நண்பரான பெந்தாம் என்பவரின் நூலை வாசித்தார். மிகுதியான ஜனங்களுக்கு மிகுதியான இன்பம் கிடைக்கும்படி சட்டங்களைத் திருத்த வேண்டுமென்பது அதன் போதனை. உலகத்தைச் சீர்திருத்துவதே இனித் தம் வாழ்வின் நோக்கம் என்று இளைஞர் அன்றே தீர்மானித்தார். 1823-ல், 17 வயது நிரம்பியதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் தகப்பனாரின் கீழ் உத்தியோகம் கிடைத்தது. இந்தியாவிலிருந்த அதிகாரிகளுக்குப் போகும் கடிதங்களைத் தயாரிப்பது அங்கே அவர் வேலை. உத்தியோக நேரம் போக, பெந்தாமின் தாறுமாறான கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்கு செய்து ஐந்து பெரும் பாகங்களாக்கினார். பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார்; சொற்போர் சங்கங்களில் பேசினார். பார்த்தவர்கள் வியந்தார்கள்.

1826-ம் ஆண்டின் இலையுதிர் காலம் வந்தது. ஒருநாள், மனம் மந்தமாயிருந்த வேளையில், அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக் கொண்டார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இந்த நிமிஷமே நிறைவேறிவிட்டால் தமக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாகுமா என்பதே அது. உண்டாகாது என்று உள்ளம் தயங்காமல் பதில் சொல்லிற்று. அந்தப் பதிலோடு அவர் வாழ்வைத் தாங்கி நின்ற தூண் சாய்ந்தது.

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நம்பினார், ஆகவில்லை. பிரியமான புத்தகங்களைத் திறந்தார், பழைய ருசியில்லை. மனிதர்மேல் தமக்கிருந்த அன்பும், நற்செயலில் இருந்த ஆர்வமும் தேய்ந்துபோயினவென்று கண்டார். எதையும் கூறு கூறாகப் பிரித்து ஆராயும் பழக்கம் தம் உணர்ச்சிகளின் வேரையே அரித்துவிட்டது என்று எண்ணினார். இதில் மிகவும் வருந்தத்தக்கது எது தெரியுமா? சொல்லி அழ அவருக்கு ஒருவருமில்லை. தகப்பனாரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவருக்கு இது விளங்காதென்றும், தாம் பாடுபட்டு வளர்த்த வளர்ப்பு இப்படி முடிந்ததே என்று அவர் மனம் நோவாரென்றும் மகன் வாயைத் திறக்கவில்லை. தினந்தோறும் காலையில் அதே காரியாலயத்துக்குப் போய்வந்த இருவரில் ஒருவர் நெஞ்சு வறண்டு கிடந்தது. மற்றவருக்கு அது தெரியவில்லை.

ஆயினும் ஜான் தம் அலுவலைக் கைவிடவில்லை. ஆசையில்லாமல், பழக்கத்தின் பலத்தினாலேயே, கடிதங்களை எழுதினார். சொற்போர் சங்கத்திலும் பேசினார். இப்படியே போனால் ஓராண்டுக்கு மேல் தாங்க முடியாதென்றும் நினைத்தார்.

ஏறக்குறைய ஆறு மாதம் கழிந்தது. ஒருநாள் மார்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் சுயசரிதையை வாசித்துக் கொண்டிருந்தார். அதில் ஓரிடம்: தகப்பன் இறந்து போகிறார், குடும்பம் திக்கற்று நிற்கிறது, சிறுவனாயிருந்த மகன், இழந்ததையெல்லாம் தானே ஈடு செய்வதாகவும், இனித் தானே அவர்களுக்கு எல்லாமாக இருப்பதாகவும் உறுதி கொள்கிறான், வீட்டாரும் அதை உணர்கிறார்கள். இதைப் படித்ததும் ஜானின் கண்களில் நீர் பெருகிற்று. கல்லாகிவிட்டோம் என்று நினைத்திருந்தவர் அழுதார்! தம் உள்ளம் செத்துவிடவில்லை என்பதற்கு அந்தக் கண்ணீரே சாட்சியாயிற்று. அன்று முதல் அவர் பாரம் இலகுவாயிற்று.

வாசகரே, ஒன்றைக் கவனியுங்கள். தமக்கு இன்பம் தேடிய புத்தகங்களில் அவருக்கு இன்பம் கிடைக்கவில்லை. பிறர் துக்கத்தில் மனம் இளகியபோதுதான் ஊற்றுக்கண் திறந்தது.

ஆனால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெயிலும் ஆகாயமும், நல்ல புத்தகமும், நண்பர் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ருசிக்கத் தொடங்கின. வேபர் என்ற ஜெர்மானிய சங்கீத வித்துவானின் 'ஓபரான்' என்னும் இசை நாடகத்தைக் கேட்டு மகிழ்ந்தார். அங்கேயும் ஒரு கவலை குறுக்கிட்டது: இருப்பதோ சில சுரங்கள்தானே, அவற்றைச் சேர்க்கும் வகைகளும் ஒருநாள் தீர்ந்துபோனால் புதிய பாட்டுக்கு என்ன செய்வது என்று! நமக்குச் சிரிப்பு வரலாம். நொந்த மனம் அப்படித்தான் கணக்குப் பார்க்கும். பழைய இருளும் பலமுறை திரும்பி வந்தது. சில தடவை மாதக்கணக்கில் நீடித்தது. ஆனால் முதல் தடவை போல் அவரை அது முற்றிலும் வீழ்த்தவில்லை.

1828-ம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாடல்களை முதன்முறையாக வாசித்தார். அதற்கு முன் பைரன் என்ற கவிஞரைப் படித்துப் பார்த்ததுண்டு. அவருடைய கதாநாயகர்களும் வாழ்வில் சலித்தவர்களாகவே இருந்தபடியால் ஆறுதல் கிடைக்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தோ மலையையும் ஏரியையும் எளிய மனிதரையும் பாடினார். 14 வயதில் பிரான்சு தேசம் சென்றபோது பிரனீஸ் மலைகளைக் கண்டது முதல் ஜானுக்கு மலையென்றால் உயிர். எல்லா மனிதரும் பங்கு கொள்ளக்கூடிய அமைதியான இன்பம் ஒன்றுண்டு என்பதை அந்தப் பாடல்களில் கண்டார். இளமையின் முதல் இன்பம் மங்கிப் போவதைக் கவிஞரும் அனுபவித்து, அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடிக் கண்டவர் என்றறிந்தபோது, தாம் தனியல்ல என்ற தைரியம் பிறந்தது. 1831-ல் ஏரிகள் நிறைந்த அந்தப் பிரதேசத்துக்குச் சென்று கவிஞரை நேரிலும் சந்தித்தார்.

இத்தனைக்கும் பிறகு அவர் இரண்டு பாடங்களைக் கற்றுக் கொண்டார். இன்பத்தையே குறியாகத் துரத்துகிறவனுக்கு அது அகப்படாது. பிறர் நன்மையிலோ ஒரு தொழிலிலோ கலையிலோ மனம் ஊன்றியிருப்பவனுக்கு அது வழியில் தானே வந்து சேரும் என்பது முதலாவது. அறிவுக்குத் தீனி போடுவதுபோல் இருதயத்துக்கும் போட வேண்டும் என்பது இரண்டாவது.

இவ்விதத் துன்பத்தை இன்றைய வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். எதிலும் இன்பம் தோன்றாமை மனச்சோர்வு நோயின் முக்கியமான இரண்டு அறிகுறிகளில் ஒன்று. மற்றது நீங்காத துக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இந்நிலை நீடித்தால் வைத்தியரைப் பார்ப்பது அவசியம். மருந்துண்டு; பேசிக் குணப்படுத்தும் முறைகளும் உண்டு. ஆசை வரட்டும் என்று காத்திராமல், சின்னச் சின்னக் காரியங்களை முதலில் செய்யச் சொல்வதும் அம்முறைகளில் ஒன்று. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் நன்றாய்ப் படிக்கிற, சொன்னதைக் கேட்கிற, வேலைக்கு ஒழுங்காய்ப் போகிற ஒரு பிள்ளை இருக்கலாம். அவனுக்குப் பிடித்த பலகாரம் தட்டிலேயே கிடக்கிறதா? வழக்கமாய்க் கேட்கும் பாட்டை நிறுத்திவிட்டானா? சோம்பலென்றோ நன்றிகெட்டதனமென்றோ ஏசிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து விசாரியுங்கள். ஜேம்ஸ் மில் மகனுக்குக் கொடாதது அந்தக் கால்மணி நேரம் ஒன்றுதான். இளைஞரே, உங்கள் நெஞ்சு இப்படி வறண்டிருந்தால், வீட்டாருக்கு விளங்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மாவிடமாவது, அண்ணனிடமாவது, ஒரு சிநேகிதனிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மில் அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். 1858 வரை கம்பெனி உத்தியோகத்தில் இருந்தார். மலைகளிலும் வயல்களிலும் நெடுந்தூரம் நடந்து செடிகொடிகளைச் சேகரிப்பது கடைசிவரை அவருக்குப் பிரியமான பொழுதுபோக்காயிருந்தது. 1873-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி பிரான்சு தேசத்து அவிஞோன் நகரில் காலமாகி, மனைவியின் கல்லறையிலேயே அடக்கமானார். 20 வயதில் ஒருவரிடமும் சொல்ல முடியாதிருந்த துன்பத்தை ஒளிக்காமல் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருந்தார். அது அவ்வாண்டே வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சரிதை அவரை அழவைத்து ஆற்றியது போலவே, அவருடைய சரிதையும் அன்றுமுதல் இன்றுவரை எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லி வருகிறது.