தண்டநாயகர் இருகப்பர்

ஏனாத்தூரிலிருந்து காஞ்சி மாநகரைக் கடந்து, வேகவதியாற்றுக்கு அப்பால் சென்றால் ஜினகாஞ்சி எனப் போற்றப்பெறும் திருப்பருத்திக்குன்றம் விளங்கும். அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை எழுப்பியவர் இருகப்பர். அவர் விஜயநகர வேந்தர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர், படைத்தலைவர், அருகன் அடியவர். அவர் தந்தையார் பைசப்பரும் தண்டநாயகராய்த் திகழ்ந்தவரே.

விஜயநகர மன்னர் வழிபட்ட தெய்வம் விருபாட்சர். அவ்வரசில் சமணர் ஒருவர் படை நடத்தும் நிலை எங்ஙனம் வாய்த்தது? 1368இல் சமணர்க்கும் வைணவர்க்கும் எழுந்த வழக்கை முதலாம் புக்கர் தீர்த்த முறையை நோக்கின் ஒருவாறு விளங்கும். இரு தரிசனங்களுக்கும் வேற்றுமை இல்லையெனக் கொண்டு, ஐவகைப் பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு உரியனவே என அவர் உறுதிசெய்தார். சிரவணபெளகொளத்துக்கு இருபது காவலரை அமர்த்தும் பொறுப்பு திருமலைத் தாத்தய்யரிடம் சேர்ந்தது. அக்காவலுக்குரிய பணத்தைச் சமண இல்லங்களே வீடுதோறும் செலுத்தின என்பதையும் நாம் மறத்தலாகாது. அரசன் எச்சமயத்தினனாயினும் எல்லாச் சமயத்தையும் புரப்பவன் என்னும் கொள்கை அன்று கல்லில் ஏறியது.

அக்கொள்கையின் நிழலில் உயர்ந்தவர் இருகப்பர். 1382இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் திருப்பருத்திக்குன்றத்து ஆலயத்துக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினார். அக்கொடையின் புண்ணியம் ஹரிஹரரின் மைந்தர் புக்கராயருக்கு ஆகுக என்பது கல்வெட்டின் கருத்து. அவரவர் வினைப்பயனை அவரவரே துய்ப்பர் என்பதன்றோ நம் ஆகமம்? ஒருவர் ஈட்டிய புண்ணியம் மற்றொருவர்க்குச் செல்லுதல் யாங்ஙனம்? ஈண்டுப் பேசுவது ஆகமத்தின் மொழியன்று, அரசவையின் மொழி என்றே யாம் கருதுகிறோம். வேற்றுச் சமயத்து இளவரசரின் பெயரோடு பிணைந்த அறக்கட்டளையைப் பின்வருவோர் எளிதில் கை வைக்கத் துணியார் அன்றோ!

கொல்லாமையை முதலறமாகக் கொண்டவர் வாளேந்தலாமோ என்பாரும் உளர். முனிவர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். நாட்டைக் காத்தற்கு எதிர்த்து நிற்கையில் நேரும் இம்சையை விரோதி இம்சை எனத் தனியே வகுத்தனர் நம் ஆசாரியர். ஆயினும் அது இம்சையே. அதன் வினை இல்லையென்று எவரும் உரைத்திலர்.

சகம் 1307இல் தலைநகராகிய ஹம்பியிலேயே குந்துநாதருக்குக் கற்கோயில் எடுத்தார். 1387-88இல், தம் குரு புஷ்பசேன முனிவரின் சொற்படி, நம் சங்கீத மண்டபம் எழுந்தது. நானார்த்தரத்னமாலை என்னும் வடமொழி நிகண்டும் அவர் இயற்றியதே. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது அந்நூல்.