கிறிஸ்தவராக முதலில் யூதராகணுமா? பந்தியில் வெடித்த சர்ச்சை... யார் இந்த பவுல்?

இன்றைய துருக்கியில் உள்ள தர்சு நகரில் பிறந்த யூதர் பவுல். சவுல் என்றும் பெயர் உண்டு. மோசேயின் சட்டத்தைக் கறாராகப் பின்பற்றும் பரிசேயர் பிரிவு. தொழில், கூடாரம் செய்வது.

அன்று யூதர்கள் பலர் எதிர்பார்த்த மேசியா, தாவீதின் வம்சத்தில் வந்து அந்நிய ஆட்சியை விரட்டும் அரசர். ரோமர்கள் சிலுவையில் கொன்ற ஒருவரா மேசியா? அதை ஏற்காத பவுல், இயேசுவின் சீடர்களைத் தேடித் தேடித் துன்புறுத்தினார். ஆனா, தமஸ்கு போகும் வழியில் இயேசுவின் தரிசனம் கிடைத்ததாக நம்பியவர், அப்படியே மாறிட்டார்.

அடுத்த சிக்கல் இதுதான்: யூதரல்லாதவர்கள் சேர்ந்தால் விருத்தசேதனம் செய்யணுமா? தேவையில்லை என்றார் பவுல். சுமார் கி.பி. 49-ல் எருசலேமில் பேதுருவும் யாக்கோபும் அதற்குச் சம்மதித்தனர். ஆனால் அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்காருவதை பேதுரு நிறுத்தியபோது, எல்லோர் முன்னாடியும் அவரைக் கண்டித்தார் பவுல்.

பிறகு எருசலேமில் கைதாகி ரோமுக்கு அனுப்பப்பட்டார். நீரோ காலத்தில் அங்கேயே கொல்லப்பட்டார் என்பது மரபு.

முன்னோர்களின் நம்பிக்கையைக் கைவிட்டதாக பவுல் நினைக்கவே இல்லை. அது நிறைவேறிவிட்டதாகவே நம்பினார். ஆனால், அவர் சேர்த்த யூதரல்லாதவர்கள் பெருகப் பெருக, அது தனி மதமாகவே பிரிந்துவிட்டது.