ரொனால்டு ரீகன்: சின்ன பாலிப்பை எடுக்கப் போனார்... பெரிய கட்டி சிக்கியது!

1985 ஜூலை 12. அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன், மேரிலாந்தில் உள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு வந்தார். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் இருந்த ஒரு சின்ன பாலிப்பை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் மறுநாளே அவர் அறுவை சிகிச்சை மேஜையில் படுக்க வேண்டியதாகிவிட்டது. என்ன நடந்தது?

யார் இந்த ரீகன்?

1911-ல் இல்லினாய் மாகாணத்தின் டாம்பிகோ என்ற சிற்றூரில் பிறந்தவர். வானொலியில் விளையாட்டு வர்ணனை, 1937 முதல் ஹாலிவுட், பிறகு கலிபோர்னியா ஆளுநர். 1981-ல் அதிபரானார். பதவியேற்ற 70-வது நாளில் துப்பாக்கிச்சூட்டில் படுகாயமடைந்து பிழைத்தார். குதிரை சவாரி, விறகு வெட்டுதல் என 74 வயதிலும் திடமாகவே இருந்தார்.

முன்பே தெரியவில்லையா?

இங்கேதான் சிக்கலே. 1984 மே மாதப் பரிசோதனையில் ஒரு பாலிப் தென்பட்டது. புற்றுநோய் இல்லை என்று வந்தது. 1985 மார்ச்சில் இன்னொன்று. மலத்திலும் ரத்தச் சுவடு தெரிந்தது. ஆனால் உணவை மாற்றிவிட்டு மறுபடி சோதித்தபோது ரத்தம் இல்லை.

அப்போது பயன்பட்டது சிக்மாய்டோஸ்கோபி. இந்தக் கருவி ஆசனவாய் வழியாகப் போய், குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும். வளையும் வகை கருவியே சுமார் 60 செ.மீ. தூரம்தான் போகும். பெருங்குடலின் நீளமோ ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். மீதி இடத்தில் என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. மலப் பரிசோதனையையும் முழுசாக நம்ப முடியாது. காரணம், பாலிப்கள் எப்போதும் ரத்தம் கசிவதில்லை.

ஜூலையில் செய்தது கொலனோஸ்கோபி. இந்தக் குழாய் முழுப் பெருங்குடலையும் கடந்து, அது தொடங்கும் இடமான சீக்கம் வரை போகும். அங்கேதான், வலதுபக்க மூலையில், சுமார் 5 செ.மீ. அளவுள்ள கட்டி உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் அவரது குடலில் சுமார் 60 செ.மீ. வெட்டி எடுக்கப்பட்டது. அறுவை சிகிச்சையையொட்டி ஏறக்குறைய 8 மணி நேரம், துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் அதிகாரம் இருந்தது.

ஜூலை 15-ல் முடிவு வந்தது: கட்டிக்குள் புற்றுநோய். குடல் சுவரின் தசை வரை ஊடுருவியிருந்தாலும், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. முதல் பாலிப் தெரிந்தபோதே முழுக் குடலையும் பார்த்திருக்கலாமே என்று மருத்துவர்கள் சிலர் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பாலிப் இருந்தால் வேறு இடத்திலும் இருக்க வாய்ப்பு உண்டு. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடலாம்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

கொலனோஸ்கோபியும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டாலோ, குழாயை அவசரமாக வெளியே இழுத்தாலோ பாலிப் தப்பிவிடும். அதனால் வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. தட்டையான வளர்ச்சிகள் தெளிவாகத் தெரிய, குடல் சுவரில் சாயம் தெளித்துப் பார்க்கும் முறை உண்டு. குறிப்பிட்ட அலைநீள ஒளியில் ரத்தக்குழாய்களைத் துலக்கிக் காட்டும் கருவிகளும் உண்டு. சந்தேகமான இடத்தைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இது சின்ன பாலிப்களைக் கூடுதலாகப் பிடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எந்தத் தொழில்நுட்பமாக இருந்தாலும், குழாய் போகாத இடத்தைக் காட்டாது.

பிறகு ரீகன் என்ன ஆனார்?

ஒரு வாரத்தில் வீடு திரும்பினார், 1989 வரை பதவியில் நீடித்தார். அவர் செய்தியைப் பார்த்துப் பயந்த ஏராளமான அமெரிக்கர்கள், அதுவரை பேசவே கூசிய இந்தப் பரிசோதனையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கே 45 வயதிலிருந்து பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

1994-ல் தனக்கு அல்சைமர் இருப்பதை ரீகன் அறிவித்தார். 2004 ஜூன் 5-ல், 93 வயதில், நிமோனியாவால் இறந்தார். அந்தக் கட்டியை எடுத்த பிறகு ஏறக்குறைய 19 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.